மூன்று வேகங்களில் ஒன்று

கூடைப்பந்துப் பயிற்சியாளரின் வேலையைக் கணினித் திரைக்குக் கொண்டுவரும் பாவனை ஆட்டங்களில் ஆடுபவர் பந்தைத் தொடுவதே இல்லை. அணியைத் தேர்ந்து, யார் எவ்வளவு நேரம் களத்தில் நிற்பது, எதிரணியை ஆளுக்கு ஆள் மறிப்பதா அல்லது இடம் பிரித்து மறிப்பதா என்பவற்றை முன்கூட்டியே தீர்மானித்துக் கொடுத்துவிட்டு, மற்றதைக் கணினியின் பொறுப்பில் விட்டுவிடுவதே அவர் பணி. அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தை அடியொற்றி அமைந்த ‘ஹூப்ஸ் டைனஸ்டி’யில் இத்தீர்மானங்களுள் ஒன்று ஆட்டத்தின் வேகம் பற்றியது, மெது, இயல்பு, விரைவு என்ற மூன்றில் ஒன்றைக் குறித்தால் போதும். திரையில் இத்தனை சிறிதாகத் தெரியும் இந்தத் தேர்வைப் பற்றித்தான் தவறான நம்பிக்கைகள் மிகுதி.

முதல் தவறு, விரைந்து ஆடும் அணி எதிரணியைவிட அதிக வாய்ப்புகளைப் பெறும் என்று எண்ணுவது. ஓர் அணியின் கைக்குப் பந்து வருவதிலிருந்து எதிரணியின் கைக்கு அது போய்ச் சேரும் வரையிலான காலத்தை ஒரு முறை என்று கொண்டால் (அடித்த பந்து தவறி, அதை அதே அணியினர் மீண்டும் பிடித்தால், அதுவும் அதே முறையின் தொடர்ச்சியே), முறைகள் மாறி மாறியே வருவதால் ஆட்ட முடிவில் இரு அணிகளின் எண்ணிக்கையும் ஏறத்தாழச் சமமாகவே இருக்கும். வேகத்தைக் கூட்டுபவர் தமக்குக் கூட்டிக்கொள்ளும் அளவுக்கு எதிரிக்கும் கூட்டிக் கொடுக்கிறார். எனவே வேகம் நேரடியாக மாற்றுவது ஆட்டத்தின் நீளத்தையே. இருபது ஓவர் கிரிக்கெட்டில் பெரிய அணியைச் சாய்க்கும் சிறிய அணி ஐந்து நாள் டெஸ்டில் அதைச் செய்யத் திணறுவதுபோல, முறைகள் குறையக் குறைய அதிர்ஷ்டத்தின் பங்கு கூடுகிறது. வலியவர் விரைவையும் மெலியவர் மெதுவையும் தேர்க என்று இவ்வாட்டங்களில் பழகியவர்கள் சொல்லும் விதி இதிலிருந்து பிறந்தது.

விதி சரிதான், ஆனால் அதன் பயன் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்ப்பவர் குறைவு. நூறு முறைகளில் ஓர் அணி 115 புள்ளிகளும் மற்றது 100 புள்ளிகளும் எடுக்கும் தரத்தில் இருப்பதாகவும், ஒவ்வொரு முறையின் ஏற்ற இறக்கமும் கூடைப்பந்துக்கு இயல்பான அளவில் இருப்பதாகவும் கொண்டால், அணிக்கு எண்பது முறைகள் வரும் ஆட்டத்தில் மெலிந்த அணி நூற்றுக்கு ஏறத்தாழ 19 தடவை வெல்லும். அறுபது முறைகளாகச் சுருக்கினால் அது ஏறத்தாழ 23 ஆகும். முப்பது ஆட்டங்கள் கொண்ட ஒரு பருவம் முழுவதும் தன்னைவிட வலிய அணிகளோடு மட்டுமே மோதினாலும், இதனால் கூடுதலாகக் கிடைப்பது ஓர் ஆட்டத்தின் வெற்றிதான். உதறித் தள்ளும் லாபமன்று. ஆயினும் இதை நம்பி ஓர் அணியின் இயல்பையே மாற்றுவது வீண்.

மெய்யான களங்களும் இந்த விதிக்கு ஒரே குரலில் சாட்சி சொல்வதில்லை. 1996 மார்ச்சில், பீட் கேரில் பயிற்றுவித்த பிரின்ஸ்டன் அணி, அதற்கு முந்தைய ஆண்டில் தேசியப் பட்டம் வென்றிருந்த யூசிஎல்ஏ அணியை 43–41 என்ற கணக்கில் வீழ்த்தியது. மெதுவாக ஆடி வெல்வதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் இது. அதற்கு ஆறாண்டுகளுக்கு முன், 1990இல், பால் வெஸ்ட்ஹெட் பயிற்றுவித்த லயோலா மேரிமவுண்ட் அணியும் முந்தைய ஆண்டில் பட்டம் வென்றிருந்த மிச்சிகனை வீழ்த்தியது, கணக்கு 149–115. இரண்டுமே கல்லூரிகளுக்கான தேசியப் போட்டியில் சிறிய கல்லூரிகள் பெற்ற வெற்றிகள். ஒன்று ஆட்டத்தைச் சுருக்கி வென்றது. மற்றது விதியைத் தலைகீழாக்கி, முறைகளைப் பெருக்கி வென்றது.

பிரின்ஸ்டனின் வெற்றியை உற்று நோக்கினால், முறைகள் குறைந்தது மட்டுமே அதற்குக் காரணமாகாது என்பது தெரியும். 34–41 எனப் பின்தங்கிய நிலையிலிருந்து, கடைசி ஆறு நிமிடங்களில் எதிரணிக்கு ஒரு புள்ளியும் கொடாமல் அது மீண்டது. வெற்றிக்கான கூடை, பின்வாசல் வெட்டு எனப்படும் நகர்வில் விழுந்தது. மறிப்பவர் பந்தைப் பறிக்கும் ஆவலில் ஓரடி முன்னே பாயும் கணத்தில், அவர் முதுகுக்குப் பின்னால் புகுந்து கூடைக்கடியில் பந்தை வாங்குவதே அந்த நகர்வு. அதுவரை அரைமணி நேரத்துக்கும் மேலாகப் பொறுமையிழக்காமல் பந்தைக் கைமாற்றிக்கொண்டே இருந்ததால்தான் எதிரியின் அந்த ஓரடி கிடைத்தது. லயோலாவின் வேகமோ வேறு வகையில் வேலை செய்தது: பந்து கைக்கு வந்த சில வினாடிகளிலேயே கூடையை நோக்கி எறிவதும், எறிந்த மறுகணமே முழு ஆடுகளத்திலும் எதிரியை நெருக்குவதுமாக, அதற்கெனவே பழக்கப்பட்ட உடல்களைக் கொண்டு பழக்கப்படாத உடல்களை அது களைப்படையச் செய்தது.

இதே வெஸ்ட்ஹெட் அடுத்த பருவத்தில் டென்வர் நகரின் தொழில்முறை அணிக்குச் சென்றார். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்திலுள்ள அந்நகரில் விருந்தினர்கள் மூச்சிரைத்து விழுவார்கள் என்ற எதிர்பார்ப்பு பொய்த்தது. தொழில்முறை ஆட்டக்காரர்கள் களைக்கவில்லை. கிடைத்த கூடுதல் முறைகளையெல்லாம் புள்ளிகளாக்கிக்கொண்டார்கள். ஃபீனிக்ஸ் அணி ஓர் ஆட்டத்தின் முதல் பாதியில் மட்டும் 107 புள்ளிகள் எடுத்தது. சராசரியாக 119.9 புள்ளிகள் எடுத்து 130.8 கொடுத்த டென்வர், 82 ஆட்டங்களில் வென்றது இருபதே.

மெதுவுக்கும் விலை உண்டு. 1950இல் ஃபோர்ட் வேன் அணி மினியாபொலிஸ் அணியை 19–18 என வென்ற ஆட்டத்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நிற்க முடிந்தது. 1954இல் தொழில்முறை ஆட்டத்தில், 24 வினாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்ற வரம்பு வந்தபின் அந்த வழி அடைபட்டது. (ஓர் ஆட்டத்தின் 2,880 வினாடிகளை, விறுவிறுப்பான ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து எறியும் சுமார் 120 எறிதல்களால் வகுத்து வந்த எண் அது.) வரம்பு இருக்கும்போது தாமதிப்பவர், கடிகாரத்தின் கடைசி வினாடிகளில் நல்ல வாய்ப்போ கெட்ட வாய்ப்போ எறிந்தே ஆக வேண்டும். பந்தைத் தவறவிடாத கைகளும் கூர்ந்து கொடுக்கும் கண்களும் இல்லாத அணிக்கு மெதுவாக ஆடுவது, கெட்ட எறிதல்களுக்குக் காத்திருப்பதாகவே முடியும்.

ஆகவே பாவனை ஆட்டத்தில் எதிரணியின் வலிமையை மட்டும் பார்த்து வேகத்தைக் குறிப்பவர் கணக்கின் சிறிய பாதியைத்தான் பார்க்கிறார். ஆட்டக்காரர்களின் பட்டியலில் பந்தாளுமை, பந்து கொடுத்தல் ஆகியவற்றுக்கான எண்களும், அவற்றினும் முக்கியமாகத் தாங்குதிறனுக்கான எண்ணும் உள்ளன. முதல் ஐவரின் எண்களை யாரும் பார்த்துவிடுவர். விரைவைத் தேர்பவர் பார்க்க வேண்டியது எட்டாம், ஒன்பதாம் இடங்களில் இருப்பவர்களின் எண்களை. ஏனெனில் வேகம் கூடும்போது முதல் ஐவர் விரைவில் களைத்து வெளியே வர, ஆட்டத்தின் கூடுதல் பங்கு அந்த மாற்று ஆட்டக்காரர்களின் கைக்குப் போகிறது.