மார்த்தாண்டத்தில் பானை கட்டும் காலம்

கார்த்திகைக் கடைசியில் மார்த்தாண்டத்திலிருந்து அருமனைப் பக்கம் போனால், சில வீடுகளின் பின்கட்டில் பழைய மண்பானைகள் கவிழ்த்துக் காயப் போட்டிருக்கும். சமையலுக்கு அல்ல. பிரிந்து பறக்கும் தேனீக் கூட்டத்தைப் பிடிப்பதற்கு.

இங்குள்ள தேனீக்காரர்களுக்கு வசந்தம் சித்திரையில் வருவதில்லை, ரப்பரோடு வருகிறது. மார்கழி வாக்கில் இலையை உதிர்க்கும் மரம், தை பிறந்ததும் துளிர்க்கிறது. ரப்பர் தேன் பூவில் இருந்து கிடைப்பதாகப் பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் இளந்துளிரின் மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் உள்ள சுரப்பிகளில்தான் மது கசிகிறது. மாசி, பங்குனியில் பெட்டி நிறைய வேண்டுமானால் அதற்கு முன்பே கூட்டம் பெருக வேண்டும். பெருகினால் பிரியும். ஆண் ஈ அறைகள் கூடுவதும், அடையின் கீழ் விளிம்பில் ராணி அறைகள் தொங்குவதும் அதற்கான அறிகுறி. பழைய ராணியே பாதிக்கு மேற்பட்ட ஈக்களுடன் வெளியேறிக் கிளையில் கொத்தாகத் தொங்கும். வேவு ஈக்கள் போய் வீடு தேடும். அந்த நேரத்தில் தோதான வீடு ஒன்று தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ஊருக்கும் தேனீக்கும் பழக்கம் பழையது. திருச்சியில் நியூட்டன் பாதிரியார் இந்தியத் தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டியை 1910-களில் வடிவமைத்தார். அடுத்த பத்தாண்டில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையம் மார்த்தாண்டத்தில் பெட்டி வளர்ப்பைப் பரப்பியது. பின்னர் 1991-92 வாக்கில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னாட்டுக் கூட்டங்களைத் துடைத்துப் போட்டது.

அருமனைக்கு அருகில் எழுபதைக் கடந்த தேனீ வளர்ப்பாளர் ஒருவருக்கு அந்த வருஷம் மறக்கவில்லை. அறையைத் திறந்தால் புழு தலையைத் தூக்கிப் படகு போல வளைந்து செத்துக் கிடக்கும்; இடுக்கியால் எடுத்தால் நீர் நிறைந்த பையாக வரும். அறுபது பெட்டியும் காலி. பெட்டிகளை விறகாக்கச் சொன்னவர்களும் உண்டு. அவர் விறகாக்கவில்லை. மரப்பொந்துகளில் தப்பிய கூட்டங்கள் பிரிந்து வரும் என்று பானை கட்டினார். மூன்று வருஷம் எதுவும் தங்கவில்லை. நான்காவது வருஷம் ஒரு பலாமரத்துப் பானையில் வந்த கூட்டத்தில் இருந்துதான் இன்றைய பெட்டிகள்.

இப்போது ஏணி ஏறுவது மருமகள். தயாரிப்பு மட்டும் அவர் கண் முன் நடக்க வேண்டும். புதுப்பானை வேண்டாம், மண்வாடை போகாது. பழைய பானையைக் கழுவி, வெயிலில் காய வைத்து, உள்ளே லேசாகப் புகை காட்டி, தேன் மெழுகை உருக்கித் தேய்க்கிறார்கள். பெட்டி வைப்பவர்கள் சட்டங்களின் மேல்கட்டையில் மெழுகு தடவினால் போதும். பழைய அடையை முழுசாக உள்ளே வைக்கும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. கூட்டம் வருவதற்கு முன் மெழுகு அந்துப்பூச்சி குடியேறிவிடும். வாய் மூடிக்குச் சிரட்டை. அதில் சுண்டுவிரல் நுழையும் துளை. பெரிய துளை பல்லிக்குத்தான் வசதி.

“மக்களே, வாயி கெழக்கப் பாத்து இருக்கட்டு. மேக்க வெச்சா உச்சிக்கு மேல வெயிலு நேரே அடிக்கும்.”

“சரி மாமா. ஒயரம் போதுமா?”

“போதும். நீ ஏறி எறங்கணும்லா.”

எட்டு, பத்தடி உயரம், நிழல், மழைச்சாரல் படாத பக்கம். தொங்கவிடும் கம்பியில் கிரீஸ் தோய்த்த துணி. இல்லாவிட்டால் ஒரே இரவில் முசுறு எறும்பு வந்து கூட்டத்தை விரட்டிவிடும். மருந்து தெளிக்கும் தோட்டத்துக்குப் பக்கத்தில் கட்டவே கூடாது. பன்னிரண்டு பானை கட்டினால் இரண்டு, மூன்று நிறைந்தாலே நல்ல வருஷம் என்பது அவர் கணக்கு. பொந்தை வெட்டிக் கூட்டத்தை எடுப்பவர்கள் அடுத்த ஆண்டு வர வேண்டிய கூட்டத்தையும் சேர்த்து அழிக்கிறார்கள் என்று அவருக்குக் கோபம். அதில் நியாயம் இருக்கிறது. ரப்பருக்காகப் பழைய பலாவும் புளியும் போன பிறகு பொந்துகளே குறைவு.

தை இரண்டாம் வாரம் ஒரு பானை நிறைந்தது. அன்றே பெட்டிக்கு மாற்ற மருமகளுக்கு ஆசை. பெட்டி வாங்கிய கடன் நிற்கிறது, ரப்பரும் துளிர்க்கத் தொடங்கிவிட்டது. மாமனார் சம்மதிக்கவில்லை. முட்டை வைக்கும் முன் கலைத்தால் இந்தியத் தேனீ ஓடிவிடும். அதைவிட, எங்கிருந்து வந்த கூட்டம் என்று யாருக்கும் தெரியாது.

அடை கட்டி முட்டை கண்ட பிறகு, மாலையில் பானை இருந்த இடத்திலேயே பெட்டியை வைத்தார்கள். அடைகளை அறுத்துச் சட்டத்தில் வாழைநாரால் கட்டி, வாசலில் ராணித் தடுப்பு பொருத்தி, மூன்று இரவு சர்க்கரைப் பாகு வைத்தார்கள். பழைய பெட்டிகள் நிற்கும் தோட்டத்துக்குக் கொண்டு போகவில்லை. புழு மூடி அறைக்குள் போகும் வரை தனியாகவே நின்றது. கையுறையும் இடுக்கியும் அதற்கென்று வேறு.

பதினைந்தாம் நாள் காலையில் மருமகள் சட்டத்தை வெளிச்சத்துக்கு உயர்த்திப் பிடித்தார். மூடிகள் சீராக இருந்தன. மாமனார் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, நான்கு அறைகளைத் திறந்து பார்க்கச் சொன்னார். வெள்ளையாக இருந்தன. ஐந்தாவதையும் திறக்கச் சொன்னார்.