அப்பாவோடு நாங்களும் போனோம்

எங்கள் ஊர் குரங்கணி. மலையில் மஞ்சு இறங்குவதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வருவார்கள். அந்த அழகைப் பற்றிச் சென்ற ஆண்டு மலரிலேயே ஒரு தோழி எழுதிவிட்டாள். நாங்கள் எங்கள் வீட்டைப் பற்றி எழுதுகிறோம். நாங்கள் என்றால் பன்னிரண்டாம் வகுப்பில் அக்கா, ஆறாம் வகுப்பில் தம்பி, நடுவில் இதை எழுதுகிறவள். அப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறோம். "பேரு மட்டும் போடாதே தாயி" என்றார்.

அப்பா ஜீப் ஓட்டுநர். விடியுமுன் போடிக்குப் போய், ஏலத்தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் ஏறவேண்டும். முதல்நாள் குடித்த கை காலையில் நடுங்கும். அப்படிப்பட்ட நாளில் முதலாளிக்குப் போன் செய்வது தம்பியின் வேலை. "அப்பாவுக்குக் காய்ச்சல்" என்று பிசிறில்லாமல் சொல்லுவான். அக்கா பாட்டிலை ஓடையில் கவிழ்ப்பாள். சத்தம் வெளியே கேட்காதிருக்க டி.வி.யைக் கூட்டி வைப்போம். சண்டை வேண்டாமென்று பாட்டி முந்தானையிலிருந்து பணம் எடுத்துக் கொடுப்பார். இதையெல்லாம் நாங்கள் உதவி என்றே நினைத்திருந்தோம்.

கார்த்திகையில் அப்பா மாலை போடுவார். அந்த 48 நாளும் எங்கள் வீடு கோயில். மாலை கழற்றிய வாரமே பழைய கதை. ஒருமுறை பாட்டி யாரிடமோ ஒரு பொடி வாங்கி வந்து ரசத்தில் கலக்கப் பார்த்தார். நல்லவேளை, அம்மா தடுத்துவிட்டார். குடியை நிறுத்தத் தரும் சில மருந்துகளை ஆளுக்குத் தெரியாமல் கொடுத்து, அதன்மேல் அவர் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதைப் பின்னால்தான் அறிந்தோம்.

நீதிபோதனை வகுப்பில் சிஸ்டர் ஒருநாள் சாந்தி ரங்கநாதன் அம்மையாரைப் பற்றிச் சொன்னார்கள். குடியினால் 1979-இல் கணவரை இழந்தவர். அடுத்த ஆண்டே, 1980-இல், சென்னையில் அந்த நோய்க்கென ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். அங்கே நோயாளியோடு குடும்பத்தாருக்கும் தனியே வகுப்புகள் உண்டு. பிறகு மஞ்சக்குடி போன்ற கிராமங்களிலும் முகாம் நடத்தினார்கள். அமெரிக்காவில் குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காகவே அல்-அனான் என்ற அமைப்பு 1951-இல் தோன்றியதாம். வகுப்பு முடிந்ததும் ஒருத்தி மட்டும் சிஸ்டரின் பின்னால் போனாள். யாரென்று சொல்ல வேண்டியதில்லை.

சிஸ்டர் வழிகாட்டிய மருத்துவமனையில் அப்பாவைச் சேர்த்தபோது, எல்லோரும் வரவேண்டும் என்றார்கள். அம்மாவுக்குக் கோபம். "குடிச்சது அவரு. எனக்கு எதுக்கு வைத்தியம்?" என்றார். முதல் சில நாட்கள் அப்பாவுக்கு வியர்வையும் நடுக்கமும். பலநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அதனால் மருத்துவர் பார்வையில்தான் நிறுத்தவேண்டும் என்றார்கள். வீட்டில் பூட்டி வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பிறகு வட்டமாக உட்காரவைத்து, குடியை மறைக்க ஒவ்வொருவரும் என்ன செய்தோம் என்று கேட்டார்கள். தம்பி எழுந்து, "முதலாளிகிட்ட நிறையத் தடவை பொய் சொன்னேன் சார்" என்றான். அப்பா அவனைப் பார்க்கவில்லை. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். அம்மாவின் கோபம் அன்றைக்குத்தான் அழுகையாக மாறியது.

இப்போது பாட்டி காசு கொடுப்பதில்லை. மாத்திரையை அப்பாவே கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறார். அம்மா மாதம் ஒருமுறை குடும்பத்தார் கூட்டத்துக்குப் போகிறார். குடிப்பவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் எளிதில் தொற்றக்கூடும் என்று சொன்னதால், தம்பியிடம் எதையும் ஒளிப்பதில்லை. குடி, கஞ்சா, மாத்திரை எல்லாம் சாப்பாட்டு வேளையிலேயே பேச்சில் வரும். பாட்டிக்குத்தான் இது பிடிக்கவில்லை. இப்படி ஒரு வீட்டில் இருக்கும் தோழியர் 14446 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

சித்திரைத் திருவிழாவில் அப்பா மறுபடி குடித்துவிட்டார். அம்மா அன்றிரவே மருத்துவமனை ஆலோசகருக்குப் போன் செய்தார். டி.வி.யை யாரும் கூட்டி வைக்கவில்லை. மறுநாள் விடியற்காலை தம்பி பழக்கத்தில் போனை எடுத்தான். அப்பா அதை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய்ப் பேசினார். "அண்ணே, இன்னிக்கு வண்டி எடுக்க மாட்டேன். நேத்துக் குடிச்சிட்டேன்."