முதுகுக்குப் பின்னால் இருந்த பெட்டி

நாஷ்வில் நகரத்தில் பிராட்வே தெருவின் மதுக்கடைகளுக்கும் ரைமன் அரங்குக்கும் நடுவே ஒரு சந்து ஓடுகிறது. 1943 முதல் 1974 வரை கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற வானொலி நிகழ்ச்சி ரைமனில் நடந்தது. அந்தக் காலத்தில் பாட்டுக்காரர்கள் இரண்டு உருப்படிகளுக்கு நடுவில் இந்தச் சந்தைத் தாண்டிக் கடைகளின் பின்வாசலுக்குப் போய் வருவார்கள். இன்று கன்ட்ரி இசைப் பிரியர்கள் அங்கே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு சனிக்கிழமை பகல் ஒன்றேகால் மணிக்கு நான் அங்கே காத்திருந்தது, தள்ளுவண்டியோடு வரப்போகும் ஒருவருக்காக.

அறுபதைத் தாண்டியவர். வண்டியில் நீளமான கறுப்புப் பெட்டி, மடக்கு இருக்கை, ஒரு தோள்பை. அவ்வளவுதான். "முன்பெல்லாம் இரண்டு நடை," என்றார். காரை நாலைந்து தெரு தள்ளித்தான் நிறுத்த முடியும். முதல் நடையில் வாத்தியம். அதைக் கடையில் யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இரண்டாம் நடையில் ஆம்ப் என்ற ஒலிபெருக்கிப் பெட்டி. அவர் வைத்திருந்த ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் சுமார் 29 கிலோ. முப்பது வருடம் அதைத் தூக்கியிருக்கிறார். மூன்று வருடங்களுக்கு முன் முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. தள்ளலாம், தூக்கக் கூடாது என்றார் மருத்துவர். அன்றிலிருந்து ஆம்ப் வீட்டிலேயே இருக்கிறது.

பெடல் ஸ்டீல் கிடார் என்ற அந்த வாத்தியத்தை ஆம்ப் இல்லாமல் மேடையில் எப்படி வாசிக்கிறார்கள் என்று பார்க்கத்தான் நான் போயிருந்தேன். எடை குறைந்த கதையோடு திரும்புவோம் என்று நினைத்திருந்தேன். நான் பார்த்தது வேறு.

கடையின் மேடை தெருப்பக்கச் சன்னலை ஒட்டி இருந்தது. நாலு பேர் நெருக்கி நின்றால் நிறைந்துவிடும். அவர் கறுப்புப் பெட்டியைத் திறந்து வாத்தியத்தைக் கவிழ்த்து வைத்து, நாலு கால்களைத் திருகினார். குறுக்கே பெடல் சட்டத்தை மாட்டினார். ஒவ்வொரு பெடலிலிருந்தும் மேலே போகும் கம்பியை அதற்குரிய கொக்கியில் கோத்தார். நிமிர்த்தினால் ஒரு சிறிய மேசை. மேலே பத்துத் தந்திகள், கீழே மூன்று பெடல்கள், முழங்கால்களுக்கு இருபுறமும் நெம்புகோல்கள். வலது கையில் கட்டைவிரலுக்கு ஒரு நகமும் இரு விரல்களுக்கு இரண்டு உலோக நகங்களும் மாட்டி மீட்ட வேண்டும். இடது கையில் கனத்த எஃகு உருளை, அதைத் தந்திகளின் மேல் வழுக்கி நகர்த்த வேண்டும். இடது கால் பெடல்களில், வலது கால் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் தனிப் பெடலில். முழங்கால் இரண்டும் நெம்புகோல்களில். உடம்பில் சும்மா இருக்கும் உறுப்பு எதுவும் இல்லை.

தந்திகளுக்கு அடியில் கோடுகள் வரைந்திருக்கின்றன. அவை அடையாளம் மட்டுமே. வீணையில் இருக்கும் மெட்டுகள் இதில் கிடையாது. நம் ஊர்க் காதுக்குச் சொல்வதென்றால் சித்திரவீணைக்கு நெருங்கிய ஜாதி. சுருதி சேர்வது உருளை நிற்கும் இடத்தைப் பொறுத்தது. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது காது. முதல் பெடலை மிதித்தால் பஞ்சமம் சதுஸ்ருதி தைவதத்துக்கு ஏறுகிறது. இரண்டாவதை மிதித்தால் அந்தர காந்தாரம் சுத்த மத்யமமாகிறது. தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே இந்த ஏற்றம் நடக்கும், பக்கத்துத் தந்தி அசையாமல் நிற்கும். வெப் பியர்ஸ் பாடி 1954இல் பெரும் வெற்றி பெற்ற 'ஸ்லோலி' பாட்டில் பட் ஐசக்ஸ் இப்படி மிதித்து வாசித்தார். அதைக் கேட்ட ஸ்டீல் வாசிப்பவர்கள் தங்கள் வாத்தியங்களுக்குப் பெடல் மாட்ட ஓடினார்கள்.

அந்தக் காந்தாரத்தைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அவர் சுருதி சேர்த்தபோது காந்தாரத் தந்தியை வேண்டுமென்றே தாழ்த்தி வைத்தார், சுருதி காட்டும் கருவியின் முள் கீழே நின்றது. பியானோவின் காந்தாரம் ஆதார சுருதியிலிருந்து 400 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) உயரம். இயற்கையாக ஒலிக்கும் காந்தாரம் 386 தான். தம்புராவில் தானாக எழும்பும் அந்தக் காந்தாரத்தை, தம்புராவைப் பார்த்தே இராத ஒருவர் மதுக்கடை மேடையில் தேடிக்கொண்டிருந்தார். எனக்குச் சிலிர்த்தது. பதினாலு சென்ட் வித்தியாசத்தைக் கேட்டு வாழ்கிற ஒருவருக்குத் தன் ஒலி தனக்குத் தெளிவாகக் கேட்கவில்லை என்றால் என்ன ஆகும்?

தோள்பையிலிருந்து இரண்டு சின்னப் பெட்டிகள் வந்தன. ஒன்று டிஜிட்டல் பெட்டி, உள்ளங்கைகள் இரண்டில் அடங்கும். ஆம்பின் குணத்தையும் ஸ்பீக்கரின் குணத்தையும் கணக்கால் உண்டாக்குவது அது. மற்றொன்று டி.ஐ. பாக்ஸ். தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பில் எழுவது மிக மெலிந்த மின்சாரம். அதை நேராக மிக்சரில் செருகினால், ஊற்று குறைவான கிணற்றில் பெரிய மோட்டார் போட்டு இறைப்பது போல ஆகிவிடும். மட்டம் இறங்கும், மேல்ஸ்தாயியின் பளபளப்பு முதலில் போகும், காலடிப் பெடலின் பிடிமானமும் மாறிவிடும். அதனால் முதலில் செருகும் இடத்தின் மின்தடை பத்து லட்சம் ஓம் அளவில் இருக்க வேண்டும். பிறகு டி.ஐ. பாக்ஸ் அந்த ஒலியை நீண்ட கேபிளில் இரைச்சல் ஏறாமல் மிக்சர் வரை அனுப்பும்.

இரைச்சல் வேறு வழியில் வந்தது. சன்னலில் தொங்கிய நியான் விளக்கின் ஊம் என்ற ஓசையை ஒற்றைச் சுருள் பிக்கப் அப்படியே பிடித்துக்கொண்டது. வாத்தியத்தையும் இருக்கையையும் ஒரு சாண் இடப்பக்கமாகத் திருப்பினார். ஓசை பாதியானது. இன்னும் நாலு விரற்கடை திருப்பினார். "இந்தக் கடையில் நான் தெருவைப் பார்த்து உட்கார முடியாது. நியான் விடாது."

மிக்சருக்குப் பின்னால் இருந்தது முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண். தென்மாநிலப் பழக்கப்படி ஸ்டீல்காரரை 'சார்' என்றுதான் கூப்பிட்டார். ஒலிச் சோதனைக்காக அவரிடம் டிஜிட்டல் பெட்டியில் ஸ்பீக்கர் பகுதியை அணைத்துவிட்டு வாசிக்கச் சொல்லி எனக்குக் கேட்கவைத்தார். கேட்க முடியவில்லை. நகம் தந்தியில் கீறுவது, உருளை முறுக்குத் தந்தியின் மேல் உரசுவது, எல்லாம் ஊசியாகக் காதில் ஏறியது. ஆம்பின் காகிதக் கூம்பு ஸ்பீக்கர் இந்த உச்ச ஒலிகளைப் பெரும்பாலும் வெளியே விடாது. அது வடிகட்டி வெளியே விட்டதைத்தான் எழுபது வருடமாக உலகம் ஸ்டீல் கிடாரின் இனிமை என்று கேட்டு வந்திருக்கிறது.

இது தற்செயல் அல்ல. 1880களில் ஹவாய்த் தீவுகளில் ஜோசப் கெகுகு என்ற பள்ளிச் சிறுவன் கிடார் தந்தியில் இரும்பை வைத்து வழுக்கிப் பார்த்ததில் தொடங்கியது இந்த வாசிப்பு. மடியில் படுக்கவைத்து வாசித்ததால் அதன் ஒலி கூட்டத்தைத் தாண்டிப் போகவில்லை. 1932இல் சந்தைக்கு வந்து, மின்கிடார்களில் முதன்முதலாக விலைபோன ரிக்கன்பேக்கர் கிடார் இந்த ஹவாய் வகைதான். வடிவத்தைப் பார்த்து அதற்கு வறுவல் சட்டி என்று பெயர் வந்தது. லியோ ஃபெண்டரும் 1940களில் மடி ஸ்டீலையும் அதற்கான ஆம்பையும் சேர்த்துத்தான் செய்து விற்கத் தொடங்கினார். ஆம்ப் இந்த வாத்தியத்துக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பொருள் அல்ல, கூடப் பிறந்தது. அதை வீட்டில் விட்டுவிட்டு வருகிறவர் வாத்தியத்தில் ஒரு பாதியை விட்டுவிட்டு வருகிறார்.

இரண்டு மணிக்குத் தொடங்கியது. நாலு மணி நேர முறை, ஆறு மணிக்கு அடுத்த குழு வந்துவிடும். சம்பளத்தைவிட வாளியில் விழும் பணத்தை நம்பித்தான் நால்வரும் வாசிக்கிறார்கள். கூட்டம் நிறைந்திருந்தது, பாட்டு நன்றாகப் போனது. ஆனால் நாலாவது பாட்டில் அவர் முகம் மாறியது. கண் உருளையை விட்டு நகரவில்லை. கோட்டைப் பார்த்து வாசிக்கிறார் என்று தெரிந்தது. காது கைவிட்டால் கண்ணை நம்ப வேண்டியதுதான். மேடையின் முன்விளிம்பில் வைத்திருந்த மானிட்டர் ஸ்பீக்கரில் பாடகர் குரலும் கிடாரும் கலந்து வந்தன, அதற்குள் ஸ்டீல் மூழ்கிவிட்டது. ஒரு நீண்ட காந்தாரம் மயிரிழை தாழ்ந்து நின்றது. கூட்டத்தில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

அதைவிடப் பெரிய சிக்கல் காலில் இருந்தது. மீட்டிய தந்தியின் ஒலி உடனே தேயத் தொடங்கும். ஸ்டீல் வாசிப்பவர் பாதி மிதித்த நிலையில் மீட்டுவார். ஒலி தேயத் தேயக் காலை அழுத்திக்கொண்டே போவார். அதனால்தான் வில்லால் இழுத்தது போல அந்த ஸ்வரம் நிற்கிறது. மிதிப்பதற்கு மிச்சம் இருப்பதுதான் அவருடைய கையிருப்பு. மிக்சரில் இருந்த பெண்ணுக்கு ஸ்டீல் மெலிந்து கேட்டது, அதன் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை ஏற்றினார். தனி ஆவர்த்தனம் வந்ததும் இவர் காலை அழுத்தினார், ஒலி பாய்ந்து வந்தது. அந்தப் பெண் சட்டென்று ஃபேடரை இறக்கினார். இவர் நிறுத்திவைக்க நினைத்த ஸ்வரம் நடுவில் அறுந்தது. ஒரே ஏற்றத்தை இரண்டு பேர் இரண்டு பக்கமும் மிதித்துக்கொண்டிருந்தார்கள். இருவர் மேலும் குற்றமில்லை. ஆம்ப் இருந்த நாளில் மேடைக்கு மேலே ஒலியளவு முழுக்க அவர் காலில் இருந்தது. இப்போது அதில் ஒரு பங்கு இருபதடி தள்ளி நிற்கிற இன்னொருவர் விரலுக்குப் போயிருக்கிறது.

இடைவேளையில் அவர் தண்ணீர்கூடக் குடிக்காமல் நேராக மிக்சருக்குப் போனார். கோபம் இல்லை. "என் வரிசையில் கம்ப்ரஸர் போட்டிருக்கிறாயா?" என்றார். ஒலியின் ஏற்ற இறக்கத்தைத் தானாகவே சமன்படுத்தும் கருவி அது.

"எல்லா வரிசையிலும் போடுவது வழக்கம், சார்."

"எடுத்துவிடு. தேய்கிற ஒலியைத் தூக்கி நிறுத்துவது என் கால் செய்கிற வேலை. நான் பெடலை முழுக்க மிதித்துக் காட்டுகிறேன், அதுதான் என் உச்சம். அதற்கு ஏற்ப ஃபேடரை வைத்துவிட்டு ஒரு மூன்று பாட்டுக்குத் தொடாமல் இரு. சரிப்படவில்லை என்றால் உன் இஷ்டம்."

அவர் மிதித்துக் காட்டினார். அந்தப் பெண் ஃபேடரை நகர்த்தி, பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டார். பிறகு இருவரும் சேர்ந்து ஒரு மானிட்டர் ஸ்பீக்கரைத் தூக்கி அவர் இருக்கைக்குப் பின்னால், தரையில், முதுகைப் பார்த்து வைத்தார்கள். தூக்கியது பெரும்பாலும் அந்தப் பெண். அதில் ஸ்டீல் மட்டும் வருமாறு பிரித்துக் கொடுத்தார்.

டிஜிட்டல் பெட்டிகளால் ஒலி தாமதமாகும் என்று ஸ்டீல்காரர்கள் அஞ்சுவதுண்டு. கணக்குப் போட்டால் அந்த அச்சம் நிற்காது. ஒலி காற்றில் ஒரு மில்லி விநாடிக்கு ஓரடிக்குச் சற்று மேல் போகிறது. நாலடி பின்னால் இருந்த பழைய ஆம்பின் ஒலியே மூன்றரை மில்லி விநாடி கழித்துத்தான் காதுக்கு வந்தது. நல்ல டிஜிட்டல் பெட்டி எடுத்துக்கொள்வதும் அந்த அளவுதான். குறை நேரத்தில் இல்லை. ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது, உடம்பில் எங்கே படுகிறது என்பதில் இருந்தது.

இடைவேளைக்குப் பின் மெதுவான ஒரு வால்ட்ஸ். முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் இடையே ஸ்டீல் நுழைந்தது. அவர் கண்கள் உருளையில் இல்லை. பாடகரின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பஞ்சமம் எழுந்தது, நின்றது, இடது பாதம் சற்றே சாய, அவசரமில்லாமல் தைவதத்துக்கு ஏறியது. வலது கால் விரற்கடை விரற்கடையாக இறங்கிக்கொண்டிருந்தது. மிக்சரைத் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தார்.

மறுநாள் ஞாயிறு மாலை, கம்பர்லாந்து ஆற்றுக்குக் கிழக்கே இருக்கும் அவர் வீட்டு கேரேஜுக்கு வரச் சொன்னார். மூலையில் ஒட்டுத்துணிப் போர்வை மூடிய பெட்டி. போர்வையை விலக்கி விசையைத் தட்டினார். வால்வுகள் சூடாகச் சற்று நேரம் பிடித்தது. சூட்டில் தூசி கருகும் வாசனை வந்தது. வாத்தியம் ஏற்கெனவே கால் மாட்டி நின்றது. என்னை ஆம்புக்கு முன்னால், தன் பக்கத்தில், அதற்கு முதுகு காட்டி உட்காரச் சொன்னார்.

கீழ்த் தந்திகள் மூன்றைச் சேர்த்து மீட்டினார். இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் காற்று தள்ளியது. பிறகுதான் காது கேட்டது போல இருந்தது. கேபிளில் போய்க் கூரையிலிருந்து இறங்கிய நேற்றைய ஒலியும் அழகுதான், ஆனால் அது கூட்டத்துக்குச் சேர்ந்த ஒலி. இது வாசிக்கிறவர் முதுகில் கைவைத்து நிற்கிற ஒலி.

"ஞாயிறு தவறாமல் ஒரு மணி நேரம் இதைப் போட்டுவிடுவேன்," என்றார். "எனக்கு வேண்டிய சத்தம் எது என்று எனக்கே மறந்துபோனால், சனிக்கிழமை அந்தப் பெண்ணிடம் எதைக் கேட்பேன்?"

இன்னொரு முறை மீட்டி, பெடலை மிதித்து, அது முழுக்கத் தேயும் வரை காலை அழுத்திக்கொண்டே போனார். பிறகு விசையைத் தட்டிவிட்டு, வால்வுகள் ஆறும் வரை போர்வையைக் கையில் பிடித்தபடி நின்றார்.