கைக்காசு போட்டு ஒரு நாவல்

நாவல் எழுதியவரே கைக்காசு போட்டு அதை அச்சடிப்பது தமிழில் புதிதல்ல. எனக்குப் பிடித்த உதாரணம் தோப்பில் முஹம்மது மீரான். 1944-இல் குமரி மாவட்டம் தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு மலையாளத்தில். பிழைப்பு திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வியாபாரம். தன் ஊரை வைத்து எழுதிய 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' முதலில் 'முஸ்லிம் முரசு' பத்திரிகையில் தொடராக வந்தது. 1988-இல் சொந்தச் செலவில் புத்தகமாகப் போட்டார். ஒன்பது வருடம் கழித்து, 1997-இல், 'சாய்வு நாற்காலி' நாவலுக்கு சாகித்திய அகாதெமி விருது.

இவர் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. நானும் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். தமிழ் எனக்கு வீட்டிலும் தெருவிலும், பிறகு அலுவலகக் கோப்புகளிலும் வந்தது. முறையாகத் தமிழ் படிக்காதவன் எழுதலாமா என்ற கூச்சம் நெடுநாள் இருந்தது. அரபுச் சொல்லும் மலையாளமும் கலந்த கடற்கரைப் பேச்சை மீரான் அப்படியே எழுதியிருப்பதைப் படித்த பிறகுதான் அது போயிற்று.

பிரெஞ்சிலும் பெரிய உதாரணம் உண்டு. மார்செல் ப்ரூஸ்த் தன் பெருநாவலின் முதல் பாகத்தை வைத்துக்கொண்டு பதிப்பகம் பதிப்பகமாக முயன்றார். மூன்று இடங்களில் வேண்டாம் என்றார்கள். 1913-இல் கிராஸே பதிப்பகம் வழியாக, தன் செலவிலேயே வெளியிட்டார். மறுத்தவர்களில் ஒருவரான ஆந்த்ரே ழீத், அடுத்த ஜனவரியிலேயே வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார். இரண்டாம் பாகத்துக்கு 1919-இல் கோன்கூர் பரிசு கிடைத்தது.

ஆனால் ப்ரூஸ்த் வசதியானவர். பென்ஷன்காரன் கதை வேறு.

ராயபுரத்தில் எனக்கு ஒரு நண்பர். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 74. காசிமேட்டுக் கட்டுமரக் குடும்பம் ஒன்றைப் பற்றி 300 பக்கம் எழுதி வைத்திருந்தார். ஒரு பதிப்பகம் எட்டு மாதம் வைத்திருந்து பதிலே போடவில்லை. இன்னொருவர் பெரிய தொகை கேட்டார். எத்தனை பிரதி, உரிமை யாருக்கு என்பதைத் தாளில் எழுதித் தர மட்டும் மனசில்லை. நண்பர் கொடுக்கத் தயாராகிவிட்டார். அது அவர் மனைவியின் கண் ஆபரேஷனுக்கு எடுத்து வைத்த பணம். "இன்னும் எத்தனை வருஷம் இருக்கப் போறேன் சார்? புஸ்தகத்தைப் பார்க்காமலே போயிடுவேனோ?" என்றார்.

அந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. குமாஸ்தா புத்தி, ஒரு தாளில் மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். முதலில் கண். எழுதித் தராதவருக்குப் பைசா தராதீர்கள். அச்சுக்கு முன், கடல் தொழில் தெரிந்த ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள்.

அச்சுக் கோத்த காலத்தில் நூறு பிரதிக்கும் ஆயிரத்துக்கும் கோக்கிற கூலி ஒன்றுதான். அதனால் ஆயிரம் அடித்து, மிச்சத்தைப் பரண்மேல் போட்டவர்கள் உண்டு. இன்று கணினி அச்சில் ஐம்பது பிரதிகூட அடிக்கலாம். விலை கொஞ்சம் கூடும். வீட்டில் மூட்டை சேராது.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வலை பின்னும் பெரியவர் ஒருவர், பேரனைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, நாற்பது இடத்துக்கு மேல் திருத்தம் சொன்னார். பிறகு நூறு பிரதி அடித்தார் நண்பர். இதுவரை 63 போயிருக்கிறது. போட்ட பணம் முழுதும் திரும்பவில்லை. அவர் அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை.

சொந்தமாகப் போடுவதென்றால் பதிப்பாளர் வேலையும் நம் தலையில்தான். திருத்த ஆள் பிடிக்க வேண்டும், பையில் சுமக்க வேண்டும், கூச்சப்படாமல் காசு கேட்க வேண்டும். அதற்குத் தெம்பிருந்தால், எழுதி வைத்திருப்பவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை.