கூரை இல்லாத மில்

கிட்டங்கிக்கு எதிரே வெயிலில் நின்று கூரைத் தகரங்களை ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறவரைக் கண்டால் எந்தக் காவலாளிக்கும் சந்தேகம் வரும். கொழும்பு புளூமெண்டால் பக்கம் அன்றைக்கும் வந்தது. “என்ன பாக்கிறது மாத்தயா?” என்று கேட்டுக்கொண்டு கிட்டே வந்தார். எண்ணிக்கொண்டிருந்தவர், நான் அண்ணன் என்று அழைக்கிறவர், பதில் சொல்லாமல் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தார். உள்ளே ஒரு காவல் குடில்: துருவேறிய கூரை, பாதி திறந்த கதவு, வாசலில் அரிசிமணி அளவில் ஒரு வாளி. காவலாளி அதை உள்ளங்கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார். எண்ணிக்கை தொடர்ந்தது. நாற்பத்தாறு தகரம்.

நாற்பத்தாறு தகரமென்றால் தொண்ணூற்றிரண்டு அடி. பழைய கிட்டங்கிகளின் நெளிதகரம், ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியது போக, இரண்டடி அகலத்தை மூடும். வாசற்படியைத் தாண்டவோ சுவரில் நாடா பிடிக்கவோ அனுமதி கிடைக்காத ஊரில் அவருடைய அளவுகோல் அந்தக் கூரைதான். இங்கிலாந்தில் இவரைப் போலக் கட்டடங்களுக்குச் சிறிய மாதிரி செய்கிறவர்கள் செங்கல் வரிசையை எண்ணி உயரம் கண்டுபிடிப்பார்கள். கொழும்பில் சுவர்களுக்குச் சாந்து பூசியிருப்பதால் செங்கல் தெரியாது. “தகரம் பொய் சொல்லாது தம்பி. மனுசனிட்ட கேட்டா ஆளுக்கு ஒண்டு சொல்லுவான்.”

அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. கொட்டாஞ்சேனையில், ஜம்பட்டா வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கை ஒன்றில் மாடியறை. நண்பர் ஒருவர்தான் என்னைக் கூட்டிப்போனார். அறையின் மூன்று சுவரையும் ஒட்டி ஓடுகிறது ஒரு பலகை. அதன்மேல் தண்டவாளம், சமிக்ஞைக் கம்பம், வரிசையாகக் கிட்டங்கிகள், எண்ணெய்த் தாங்கிகள், ஒரு மரக்காலை. எல்லாம் 87இல் ஒரு பங்கு. ஐந்தரையடி மனிதர் அங்கே இரண்டு சென்டிமீற்றர்கூட இல்லை.

ஓடுவது களனிவெளி ரயில். அதைத் தேர்ந்ததற்குக் கணக்கு ஒன்று இருக்கிறது. இலங்கையின் அகலப்பாதை 1,676 மில்லிமீற்றர். 87ஆல் வகுத்தால் 19.3. அந்த அகலத்தில் எந்தக் கடையிலும் மாதிரித் தண்டவாளம் கிடையாது. கடையில் இந்தப் பங்கில் பெரும்பாலும் இருப்பது ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைக்கு ஏற்ற 16.5. ஆனால் களனிவெளிப் பாதை 1990களில் அகலமாக்கப்படும் வரை 762 மில்லிமீற்றர் குறும்பாதையாகவே இருந்தது. அதை வகுத்தால் 8.76. வேறொரு சிறிய அளவு ரயிலுக்காக உலகமெங்கும் விற்கப்படுகிற 9 மில்லிமீற்றர்த் தண்டவாளம் அதற்குச் சரியாகப் பொருந்திவிடுகிறது. இதைக் கண்டுபிடித்த இரவில் தூங்கவில்லை என்றார். முகத்தைப் பார்த்தால் நம்பலாம்.

மின்சுற்றையும் பாதை மாற்றும் விசைகளையும் அன்போடு விளக்கினார். எனக்கு அது பிடிபடவில்லை; அதை விட்டுவிடுகிறேன். என் கண் முழுக்க மேசையில் கிடந்த ஒரு மரக்கட்டையில் இருந்தது.

கை அகலக் கட்டை. அதன்மேல் செப்புக் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டபடி நெருக்கமாக ஒட்டப்பட்டிருக்கின்றன. பஞ்சிகாவத்தையில் மோட்டார் சுற்றுகிற கடையொன்றில் வாங்கிய இருபதாம் நம்பர் கம்பி, தடிப்பு 0.9 மில்லிமீற்றர். உண்மைத் தகரத்தில் ஒரு நெளிவுக்கும் அடுத்ததற்கும் மூன்று அங்குலம். 87ஆல் வகுத்தால் ஏறத்தாழ அதே 0.9. பால்மா டின்னின் வாயை மூடியிருக்கும் அலுமினியத் தாளை வெட்டி இந்தக் கட்டையில் வைத்து, பல்குத்தும் குச்சியால் பள்ளம் பள்ளமாகத் தேய்க்கிறார். ஐந்து நிமிடத்தில் தாள் தகரமாகிவிடுகிறது. என்னையும் செய்யச் சொன்னார். இரண்டு கிழிந்தன, மூன்றாவது வந்தது. விரலால் தடவினால் சின்ன வயதில் மழைநேரம் தொட்ட கூரையின் அதே நெளிவு.

தகரங்களைத் தனித்தனியாகத்தான் ஒட்டுகிறார். முழுக் கூரையையும் ஒரே தாளில் எடுத்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் துரு பொய்யாகிவிடும் என்கிறார். துரு எங்கேயும் சும்மா பிடிப்பதில்லை. ஆணித் தலையிலிருந்து கீழே வழியும். ஒரு தகரம் இன்னொன்றின்மேல் ஏறுகிற இடத்தில் ஈரம் தங்கி அங்கே கறுக்கும். கடல்காற்று அடிக்கிற பக்கம் முதலில் ஓட்டையாகும். இரும்புப் பஞ்சை வினாகிரியில் ஊறவைத்த நீரை மெல்லிய தூரிகையால் தொட்டுத் தொட்டு அந்த வழிகளை வரைகிறார். காய்ந்ததும் எழுவது நிஜத் துருவின் நிறம்.

இப்படி ஒரு பைத்தியம் உலகில் இவர் மட்டுமல்ல. ரோய் இங்லன்ட் என்ற ஆஸ்திரேலியர் 1925இல் இங்கிலாந்துக்குப் போனார். பழைய வைக்கோல் கூரைகள் கழற்றப்பட்டு அஸ்பெஸ்டஸ் ஏறுவதைக் கண்டு மனம் பொறுக்காமல், மறையப்போகும் கிராமத்து வீடுகளை 76இல் ஒரு பங்காக அட்டையில் செய்யத் தொடங்கினார். லோங் விட்டன்ஹாம் ஊரில் 1954 முதல் இருக்கிற பென்டன் அருங்காட்சியகம் அப்படிப் பிறந்தது. அங்கே ஒருவரின் கவலைக்குப் பலர் கூடிக் கைகொடுத்தார்கள். இங்கே மாடியறை வாடகையை அண்ணனே கட்டுகிறார்.

வாடகைக்குக் காசு வருவதும் மாதிரிக் கட்டடங்களில்தான். தொடர்மாடி எழும்புமுன் விற்பனை மண்டபத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அதன் மாதிரி வைப்பார்களே, அந்த வேலை. பகலில் இன்னும் கட்டப்படாத வீடுகள். இரவில் இடிக்கப்பட்ட, இடிக்கப்படப்போகிற கிட்டங்கிகள். வேலை மூன்று கைமாறி அவரிடம் வருகிறது. விலை பேசுகிறவர் ஒருவர், அதைக் குறைத்து ஒப்படைக்கிறவர் இன்னொருவர், இரவிரவாகக் குனிந்திருந்து ஒட்டுகிறவர் இவர். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்டபோது அக்ரிலிக் தாளின் விலை ஏறியது. இவருக்குக் கொடுத்த கூலி ஏறவில்லை. மாதிரியின் மூலையில் பித்தளைத் தகட்டில் ஒரு பெயர் பொறித்திருக்கும். அது இவர் பெயரல்ல. கோடிக்கணக்கில் வீடு விற்கிற வியாபாரத்தில், அந்த வீட்டை முதன்முதலில் கண்ணுக்குக் காட்டியவருக்கு ஒரு வரி இடம் கொடுக்க முடியாதா? நடுவில் நிற்பவர்கள் தொலைபேசியில் பேசியதைத் தவிர என்ன செய்தார்கள்? இதைக் கேட்டபோது அண்ணன் குச்சியைக் கீழே வைக்கவில்லை. “அத விடுங்க. இங்க பாருங்க,” என்று பலகையின் கோடிக்குக் கூட்டிப்போனார்.

அங்கே வெள்ளவத்தை மில் நின்றது.

வெள்ளவத்தையில் இருக்கிற பலருக்கு அப்படியொன்று இருந்ததே தெரியாது. ஹவ்லொக் வீதியில் இன்று ஹவ்லொக் சிட்டி தொடர்மாடிகள் எழுந்திருக்கிற நிலத்தில்தான் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்தது. தொழிலாளர்களில் பெருந்தொகையினர் மலையாளிகள். 1933இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அந்நாளைய தொழிற்சங்கப் பெருந்தலைவர் ஏ. ஈ. குணசிங்க எதிர்த்து நின்றார். இளம் வழக்கறிஞர் கொல்வின் ஆர். டி சில்வா தொழிலாளர் பக்கம் நின்றார். இரண்டு ஆண்டுகளில், 1935இல், லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. இந்த நாட்டின் இடதுசாரி வரலாற்றில் ஒரு அத்தியாயம் அந்தச் சுவர்களுக்குள் தொடங்கியது.

மாதிரியில் சுவர்கள் இருந்தன, கூரை இல்லை. மேலே நின்று பார்த்தால் வெறும் பெட்டி.

நெசவாலை என்றதும் இரம்பப் பல்போல ஏறியிறங்கும் கூரையைப் போட்டுவிடலாம். இங்கிலாந்தில் அதன் கண்ணாடிப் பக்கத்தை வடக்கே திருப்புவார்கள்; அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கில், அதனால் கூசாத வெளிச்சம் கிடைக்கும். கொழும்பில் ஏப்ரல் முற்பகுதி முதல் செப்டம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அப்படியானால் இங்கே கட்டியவர்கள் கண்ணாடியை எந்தப் பக்கம் வைத்தார்கள்? எத்தனை பல்? அவரிடமுள்ள படங்களெல்லாம் வீதியில் நின்று எடுத்தவை. அங்கே வேலை செய்த முதியவர்கள் மூவரிடம் கேட்டிருக்கிறார். மூன்று விதமாகச் சொன்னார்கள்.

“நினைச்சபடி போடேலாது தம்பி. எண்ண ஒரு தகரமும் இல்ல.”

புறப்படும்போது ஒரு பிரதி எடுத்த படத்தை என் கையில் திணித்தார். வெள்ளவத்தையில் வயதானவர்கள் யாரையாவது கண்டால் காட்டிக் கேட்கச் சொன்னார். மூன்று வாரமாகப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். ஹம்டன் ஒழுங்கையில் ஒரு அம்மா படத்தைத் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டு, தன் மாமியார் அங்கே நூல் சுற்றினவர் என்றார். கூரையைப் பற்றிக் கேட்டேன். பகல் முழுக்க உள்ளே வெளிச்சமாக இருக்கும், மத்தியானம் மட்டும் சில மாதங்களில் சாக்கைக் கட்டி மறைப்பார்கள் என்று மாமியார் சொன்னதாக நினைவு என்றார். எந்த மாதங்கள் என்று கேட்க, அவர் தன் அண்ணனுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார்.