பள்ளிப் பலகையில் பிறந்த இசைக்குழு

‘விளையும் பயிர் முளையிலே தெரியும்’ என்று நம் பெரியோர் சொல்லி வைத்தார்கள். பேச்சுப் போட்டிகளில் இந்தப் பழமொழியைச் சொல்லி நாங்கள் பலமுறை கைதட்டல் வாங்கியிருக்கிறோம். ஆனால் பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கு இவ்வாண்டு ஓர் ஐயம் எழுந்தது. முளையில் ஒன்றுமே தெரியாத பயிரின் கதி என்ன? அதற்கு யார் தண்ணீர் ஊற்றுவார்? இந்த ஐயத்தை எங்களுக்குள் எழுப்பியவர்கள் அயர்லாந்து நாட்டைச் சேர்ந்த நால்வர். அவர்களுடைய இசைக்குழுவின் பெயர் ‘யூ-டூ’.

ராக் இசைக்குழுவைப் பற்றி நம் பள்ளி ஆண்டு மலரில் எழுதலாமா என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். அவர்களுக்கு ஒரு செய்தி. இக்குழு 2019-ஆம் ஆண்டில் நம் ஏ. ஆர். ரகுமானுடன் சேர்ந்து ‘அஹிம்சா’ என்ற பாடலை வெளியிட்டது. அதில் திருக்குறள் தமிழிலேயே ஒலிக்கிறது. வெளிநாட்டு ராக் பாட்டில் வள்ளுவரைக் கேட்ட வியப்பில்தான் இவர்கள் யார் என்று நாங்கள் தேடத் தொடங்கினோம். அயர்லாந்தும் நமக்கு அந்நியமான நாடு அன்று. 1842-ஆம் ஆண்டில் கடல் கடந்து சென்னைக்கு வந்து பெண் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்திய பிரசன்டேஷன் சபை அருட்சகோதரிகள் அந்த நாட்டிலிருந்து வந்தவர்களே அல்லவா?

தேடியபோது எங்களை முதலில் கவர்ந்தது அவர்களுடைய இன்றைய புகழ் அன்று. அவர்கள் தொடங்கியபோது எங்கள் வயதில் இருந்தார்கள் என்பதே. 1976-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் டப்ளின் நகரிலுள்ள மவுண்ட் டெம்பிள் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் லாரி மல்லன் என்ற மாணவர் ஒரு தாளை ஒட்டினார். இசைக்குழு தொடங்க விருப்பம் உள்ளவர்கள் வரலாம் என்பது அதன் சாரம். லாரிக்கு அப்போது வயது 14. செப்டம்பர் 25, சனிக்கிழமை, அவர் வீட்டுச் சமையலறையில் சிலர் கூடினார்கள். எட்ஜ் என்று பின்னாளில் அழைக்கப்பட்ட டேவிட் இவான்ஸுக்கு வயது 15. ஆடம் கிளேட்டனுக்கும், போனோ என்று உலகம் அறிந்த பால் ஹியூசனுக்கும் வயது 16. வந்தவர்களில் சிலர் விரைவில் விலகினார்கள். எட்ஜின் அண்ணனும் 1978-ல் விலக, எஞ்சியவர்கள் இந்த நால்வர்.

அவர்களுக்கு என்ன தெரியும்? உள்ளதைச் சொன்னால், மிகக் கொஞ்சம். சிறு வயதிலிருந்தே டிரம்ஸ் கற்றவர் லாரி ஒருவரே. மற்றவர்கள் தட்டுத் தடுமாறி வாசித்தார்கள். முதன்முதலாக மேடை ஏறியதும் தங்கள் பள்ளியில்தான். மேசைகளை ஒன்றாகச் சேர்த்து அமைத்த மேடையில் சுமார் பத்து நிமிடங்கள் பாடினார்கள். அவை பிறருடைய பாடல்கள். முளையைப் பார்த்துப் பயிரைக் கணிப்பவர் அன்று அங்கே இருந்திருந்தால், “பிள்ளைகளே, போய்ப் படியுங்கள்” என்றுதான் சொல்லியிருப்பார்.

ஆயினும் யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். பள்ளி ஆசிரியர்கள் பயிற்சி செய்ய இடம் கொடுத்தார்கள். லாரியின் பெற்றோர் சமையலறையைக் கொடுத்தார்கள். ஒரு சமையலறையில் டிரம்ஸ் கொட்டினால் அந்த வீட்டுத் தாய் எவ்வளவு பொறுமைசாலியாக இருக்க வேண்டும் என்று எங்கள் அம்மாமார்களைக் கேட்டோம். அவர்கள் சொன்ன பதிலை இங்கே எழுத இடமில்லை! பள்ளி முடிந்ததும் போனோவின் தந்தை மகனுக்கு ஓராண்டு அவகாசம் கொடுத்தார். அதற்குள் இசையில் வழி பிறக்காவிட்டால் வேலை தேட வேண்டும். எட்ஜின் பெற்றோரும் கல்லூரியை ஓராண்டு தள்ளிப்போடச் சம்மதித்தார்கள். போனோவுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தும் ஐரிஷ் மொழித் தேர்வில் தேறாத காரணத்தால் திரும்ப நேர்ந்தது. மீண்டும் பழைய பள்ளிக்கே போய் ஓராண்டு படித்தார். மொழிப்பாடம் கைவிட்டால் என்ன ஆகும் என்று எங்களை எச்சரிக்கும் ஆசிரியைகள் இதைப் படித்து மகிழ்வார்கள் என்று நம்புகிறோம்.

1978-ஆம் ஆண்டு மார்ச் மாதம், புனித பேட்ரிக் திருநாளை ஒட்டி லிமரிக் நகரில் நடந்த போட்டியில் வென்று 500 பவுன் பரிசு பெற்றார்கள். பரிசோடு ஒலிப்பதிவு செய்யும் வாய்ப்பும் கிடைத்தது. ஆனால் அந்த ஒலிப்பதிவு நன்றாக அமையவில்லை. மேடையில் பாடுவது வேறு, ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடுவது வேறு என்று அன்று கற்றார்கள். 1979 செப்டம்பரில் மூன்று பாடல்கள் கொண்ட ஒரு சிறு வெளியீடு அயர்லாந்தில் மட்டும் வந்தது. பெரிய தட்டில் 1000 பிரதிகள் போட்டார்கள். அவை விரைவில் விற்றுத் தீர்ந்தன. சொந்த ஊர் மக்கள் முழு இசைத்தட்டு எப்போது வரும் என்று கேட்கத் தொடங்கினார்கள். லண்டன் நிறுவனங்களோ கதவைத் திறக்கவில்லை. அந்த ஆண்டு இறுதியில், குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் கடன் வாங்கிக்கொண்டு லண்டனுக்குப் போய்ப் பாடினார்கள். ஓர் இரவில் கேட்க வந்தவர்கள் ஒன்பது பேர்!

ஒன்பது பேர் முன் பாடிவிட்டு ஊர் திரும்பியவர்கள், 1980 பிப்ரவரி 26 அன்று டப்ளினில் குத்துச்சண்டை நடக்கும் நேஷனல் ஸ்டேடியம் அரங்கில் துணிந்து கச்சேரி வைத்தார்கள். கூட்டம் திரண்டு வந்தது. அடுத்த மாதமே ஐலண்ட் ரிக்கார்ட்ஸ் நிறுவனம் அவர்களுடன் ஒப்பந்தம் செய்தது.

முதல் இசைத்தட்டுக்கான வேலை 1980 ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை டப்ளினின் விண்ட்மில் லேன் ஒலிப்பதிவுக் கூடத்தில் நடந்தது. தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவைட் என்ற இளைஞர். டிரம்ஸ் கணீரென்று முழங்க வேண்டும் என்பதற்காக லாரியை வரவேற்பறை மாடிப்படி அருகே உட்கார வைத்தார். ஆனால் பகலெல்லாம் அங்கே தொலைபேசி மணி அடித்தது. ஆகவே வரவேற்பாளர் மாலையில் வீட்டுக்குப் புறப்படும்வரை காத்திருந்து பதிவு செய்தார்கள். ஒரு பாடலில் கேட்கும் விசித்திர ஓசைக்காக ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றி, கம்பிகளில் சாப்பாட்டு மேசை முள்கரண்டியை உரசினார்கள். பாட்டில்களையும் உடைத்தார்கள். இதைப் படித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அவர்களுக்கும் அப்படித்தான் வந்திருக்கும்!

அந்த இசைத்தட்டுக்கு ‘பாய்’ என்று பெயரிட்டார்கள். ‘சிறுவன்’ என்று பொருள். சிறு பருவத்திலிருந்து பெரிய பருவத்துக்கு வாசற்படி தாண்டுகிறவனின் அச்சமும் ஆவலுமே அதன் பொருள். அதிலுள்ள ஒரு பாடல் போனோ தம் 18-ஆம் பிறந்தநாளன்று எழுதியது.

அதன் முதற்பாடலைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க எங்களால் இயலாது. அது ஒரு தாயின் அன்பைப் பற்றியது. 1974 செப்டம்பரில், தன் தந்தையின் அடக்கச் சடங்கில் நின்றிருந்த போனோவின் தாய் ஐரிஸ் மயங்கி விழுந்தார். சில நாட்களில் இறைவனடி சேர்ந்தார். மகனுக்கு வயது 14. தந்தை கத்தோலிக்கர்; தாய் நம் பிரிந்த சகோதரர்களாகிய புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்தவர். தாய் போன பின் அந்த வீட்டில் இருந்தவர்கள் தந்தையும் இரு மகன்களும். அதன்பின் ஐரிஸைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை என்று போனோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். பேசாமலே இருந்ததால் தாயைப் பற்றிய நினைவுகளும் குறைந்துபோயின. சமையலறையைக் கொடுத்தாரே லாரியின் தாய், அவரும் 1978 நவம்பரில் சாலை விபத்தில் இறந்தார். தாயை இழந்த இரு பிள்ளைகள் ஒரே குழுவில் இருந்தார்கள். அதில் ஒருவர் பாட, மற்றவர் தாளம் கொட்டினார்.

இதை நாங்கள் மதிய உணவு வேளையில் வாசித்துக்கொண்டிருந்தபோது எங்களில் ஒருத்தி சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு, “எங்கள் வீட்டிலும் அப்படித்தான்” என்றாள். ஏழாம் வகுப்பில் அவள் தன் தாயை இழந்தவள். அப்பா அழுதுவிடுவார் என்று அவளும் தம்பியும் பேசுவதில்லை. பிள்ளைகள் அழுவார்கள் என்று அப்பாவும் பேசுவதில்லை. அவள் மனம் நோகக்கூடாது என்று நாங்களும் மூன்று ஆண்டுகளாக அந்தப் பேச்சை எடுத்ததில்லை. “அம்மா எப்படிச் சிரிப்பார்கள் என்று யாராவது கேட்கமாட்டார்களா என்று இருக்கும்” என்றாள். நாங்கள் கேட்டோம். மணி அடிக்கும்வரை அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். மீன் குழம்பில் மாங்காய் போடுவாராம். பூசைக்குப் போகும் அவசரத்தில் இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு மாட்டிக்கொண்டு போய், கோயில் வாசலில் விழுந்து விழுந்து சிரித்தாராம். அவ்வாண்டு கல்லறைத் திருநாளன்று நாங்களும் மெழுகுதிரியும் சாமந்தியும் கொண்டு அவளோடு போனோம். அவளுடைய அப்பா எங்களிடம் அந்தச் செருப்புக் கதையைத் தாமே இன்னொரு முறை சொன்னார். இதையெல்லாம் எழுதலாம் என்று அவளே சம்மதம் தந்தாள். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

‘பாய்’ இசைத்தட்டு 1980 அக்டோபர் 20 அன்று வெளிவந்தது. சமையலறையில் கூடிய நாளிலிருந்து கணக்கிட்டால் நான்கு ஆண்டுகள் கடந்திருந்தன. உடனே உலகை வென்றுவிட்டதா? இல்லை. பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் அது எட்டிய மிக உயர்ந்த இடம் 52, அமெரிக்காவில் 63. வகுப்பில் 52-ஆம் இடம் வாங்கினால் நம் வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை! ஆனால் அவர்கள் கலைந்து போகவில்லை. 1987-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘தி ஜோஷுவா ட்ரீ’ என்ற அவர்களுடைய ஐந்தாம் இசைத்தட்டு உலகெங்கும் முதலிடம் பிடித்து, சிறந்த இசைத்தட்டுக்கான கிராமி விருதையும் பெற்றது. 1978 முதல் இன்றுவரை குழுவில் இருப்பவர்கள் அதே நால்வரே.

எங்களுக்கு இவ்வரலாறு கற்றுத் தந்தது இதுதான். திறமை உள்ளவர்களுக்கு இடம் கொடுப்பது எளிது. பரிசளிப்பு விழாவில் எல்லோரும் செய்வார்கள். திறமை இன்னும் தெரியாத வயதில் ஓர் அறையும், ஒரு மேசையும், ஓராண்டு அவகாசமும் கொடுப்பதுதான் அரிது. ஒரு பெண் பிள்ளை “அம்மா, எனக்கு ஓராண்டு தாருங்கள்” என்று கேட்டால் நம் வீடுகளில் என்ன பதில் வரும் என்று நாங்கள் எங்களுக்குள் வாதிட்டோம். சிலர் “கிடைக்கும்” என்றோம். பலர் பேசாமல் இருந்தோம். பெற்றோரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்கள் அஞ்சுவதற்குக் காரணம் உண்டு என்பதை அறிவோம். ஓராண்டு அதிகம் என்றால், வாரத்தில் ஒரு மணி நேரமாவது கேட்கலாமே!

ஆகவே தலைமைச் சகோதரி அவர்களுக்கு எங்கள் பணிவான விண்ணப்பம் ஒன்று. நம் பள்ளி இசை அறையில் ஓர் ஆர்மோனியமும், ஒரு சோடித் தபேலாவும், பூசைக்குப் பாடற்குழுவினர் வாசிக்கும் கிதார் ஒன்றும் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை மாலைகளில் அந்த அறையை ஒரு மணி நேரம் திறந்துவிட வேண்டுகிறோம். பாடத் தெரிந்தவர்களுக்குப் பாடற்குழு இருக்கிறது. இது இன்னும் பாடத் தெரியாதவர்களுக்கு. தேர்வு முடிந்ததும் நாங்கள் ஆளுக்கொரு பள்ளிக்குப் பிரிந்து போய்விடுவோம். ஆனால் எட்டாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் எங்கள் தங்கைகள் இருக்கிறார்கள். அனுமதி கிடைக்கும் அன்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கான தாளை அழகிய கையெழுத்தில் எழுதி வகுப்பாசிரியையிடம் கொடுத்திருக்கிறோம். தேதி எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறோம்.