பொருத்தம் பார்த்து வாங்குவோம்

பழையதாகிவிட்டது என்பதற்காக எதையும் தூக்கி எறிந்துவிட நமக்கு மனம் வருவதில்லை. சைக்கிளோ தையல் இயந்திரமோ, பழுது பார்த்து இன்னும் பத்து வருடம் ஓட்டிவிடுவோம். கணினியையும் அப்படி ஓட்டலாம். ஆனால், எதை வாங்கிப் பூட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

எங்கள் வீட்டு மேசைக் கணினி 2012-ல் வாங்கியது. எஸ்.பி.எம். தேர்வுக்குப் படிக்கும் மகள், "அப்பா, பாடம் பார்க்கும்போது பாதியிலேயே நின்னுடுதுப்பா" என்று முறையிட்டாள். புதிது வாங்கினால் ஒரு மாதச் சம்பளம் போய்விடும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். கடைகளில் 'ரேம்' என்கிறார்களே, அந்த நினைவகம் இருந்ததே 4 ஜிபிதான். அதுவும் எந்நேரமும் நிரம்பி வழிந்தது. நோய் இன்னதென்று புரிந்துவிட்டது.

திருமணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். ரேமுக்கு நான்கு பார்த்தால் போதும்.

முதலாவது, தலைமுறை. அந்தக் காலத்துக் கணினிகளில் பெரும்பாலும் இருப்பது டிடிஆர்3. கடையில் ஒரு தம்பி, "அண்ணே, டிடிஆர்4 எடுத்துக்குங்க, அதுதான் வேகம்" என்றார். வேகம் உண்மைதான். ஆனால் டிடிஆர்3-க்குத் தொடுமுனைகள் 240, டிடிஆர்4-க்கு 288. அடியில் உள்ள வெட்டும் இடம் மாறியிருக்கும். நம் கணினியில் அது நுழையவே நுழையாது. டிடிஆர்2-க்கும் 240 முனைகள்தாம். எனவே எண்ணிக்கையை மட்டும் நம்பிவிடலாகாது. மடிக்கணினியின் குட்டை ரேமும் இதற்கு ஆகாது.

இரண்டாவது, தாய்ப்பலகை எவ்வளவு தாங்கும் என்பது. பலகையில் அச்சிட்டுள்ள பெயரை எழுதிக்கொண்டு, அதன் கையேட்டைப் பாருங்கள். எங்களுடையது இன்டெல் எச்61 வகை. ரேம் செருக இரண்டே இடம், மொத்தம் 16 ஜிபி வரை ஏற்கும். அதற்கு முந்திய ஜி41 வகையோ 8 ஜிபியைத் தாண்டாது.

மூன்றாவது, மலிவில் மயங்காதிருப்பது. 'ஏஎம்டிக்கு மட்டும்' என்று போட்டு டிடிஆர்3 ரேமைக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். இன்டெல் கணினிக்கு அது உதவாது. சர்வர்களுக்கென்று செய்த 'ரெஜிஸ்டர்ட்' ரேமும் வீட்டுக் கணினியில் ஓடாது.

நான்காவது, ஜோடி. வேகம் வேறான இரண்டைச் சேர்த்தால், இரண்டுமே குறைந்த வேகத்தில்தான் ஓடும். ஒரே அளவில் ஒரே வகையில் இரண்டு போடுவதே நல்லது. விண்டோஸ் 32 பிட்டாக இருந்தால் 4 ஜிபிக்கு மேல் போட்டும் பயனில்லை. 64 பிட் வேண்டும்.

பழையதற்கு ஜோடியாக இன்னொரு 4 ஜிபி வாங்கி வந்தேன். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, இரு ஓரமும் 'டக்' என்று பூட்டும்வரை அழுத்திச் செருகினேன். மெம்டெஸ்ட்86 சோதனையில் பிழை ஒன்றும் காட்டவில்லை. மகளின் பாடமும் தடையின்றி ஓடுகிறது. செலவோ, புதுக் கணினி விலையில் ஒரு சிறு பங்குகூட இல்லை.

நீங்களும் கடைக்குப் போகும்போது பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள். பொருந்தாவிட்டால் மாற்றித் தருவார்களா என்று முதலிலேயே கேட்டு, ரசீதையும் மறவாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.